கழுத்துக் கட்டியும் என் கண்ணீர் அஞ்சலியும்

நான் காலமான செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு என் கைப்பேசிக்கே வந்தது. அப்போது பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில், பதினேழாம் கட்டிலில் உட்கார்ந்து இட்லியைச் சாம்பாரில் தொட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் என் படம் வந்திருந்தது. அன்பியம் என்றால் அக்கம்பக்கத் தெருக்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் சின்னக் கூட்டம். படத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் புறா, கீழே எரியும் மெழுகுவத்தி, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. போன கிறிஸ்துமஸ் பாடகர் குழுப் படத்திலிருந்து என் தலையை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடி, வாயை ஆவென்று திறந்திருக்கிறேன். செத்தவளுக்குப் போட இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லையா என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். மறுநாள் காலை எனக்கு ஆபரேஷன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இதை எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை.

என் பெயர் ரோஸ்லின். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தம்பி ரிச்சர்ட் சரக்குக் கப்பலில் சமையல்காரன், வருடத்தில் முக்கால்வாசி தண்ணீர்மேல்தான். ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் உட்கார்ந்து மைக்கில் கூப்பிடும் வேலை. வெளியே வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களின் நம்பரைச் சொல்லி, எந்த லைனுக்கு வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. என் முகத்தைப் பார்க்காத டிரைவர்கள்கூட என் குரலைக் கேட்டால் 'அக்கா கூப்டுது' என்று எழுந்து வண்டியை எடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு. மேல் சுரம் வரும் இடமெல்லாம் எனக்குத்தான். மற்ற நேரம் வீட்டில் ஆண்டவரோடு பேச்சு. மனசுக்குள் ஜெபம் செய்வதெல்லாம் எனக்கு வராது. வாய்விட்டுத்தான் பேசுவேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, துணி காயப்போடும்போது, "ஆண்டவரே, இன்னிக்கு அந்த சூப்பர்வைசர் பண்ணினது உமக்கே நியாயமா இருக்கா?" என்று சண்டையே போடுவேன். கீழ் வீட்டுக்காரர்கள் முதலில் நான் யாருடனோ போனில் பேசுகிறேன் என்று நினைத்தார்களாம். அந்த வீட்டில் ஒலிக்கும் ஒரே குரல் என்னுடையது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை வருடமும் தனியாகச் சாப்பிட்டேன், தனியாகத் தூங்கினேன்.

கட்டியைக் கண்டுபிடித்தவள் கோமதி. வியாசர்பாடியிலிருந்து வருகிறாள், கேட்டில் முதல் நாளிலிருந்தே என் பக்கத்து நாற்காலி. ஒருநாள் டீ குடிக்கும்போது என் கழுத்தையே பார்த்தாள்.

"இன்னா ரோசு, கழுத்துல இன்னாவோ கீது. நீ முழுங்க சொல்லோ அதுவும் ஏறி எறங்குது பாரு."

"சதை போட்டுடுச்சுடி."

"சதை ஏறி எறங்குமா? நாளைக்கே டாக்டராண்ட காட்டு. இல்ல, நானே இஸ்துகினு போவேன்."

இழுத்துக்கொண்டுதான் போனாள். தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், மூச்சுக்குழாயைக் கட்டிப்பிடித்தபடி இருக்கும் ஒரு சுரப்பி. எச்சில் விழுங்கினால் அதுவும் மேலே போய்க் கீழே வரும். அதனால்தான் கோமதி கண்ணில் பட்டது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பிறகு ஊசிச் சோதனை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் செல்லை உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பார்கள். வலியெல்லாம் எறும்புக்கடி அளவுதான். ரிசல்ட்டுக்காக அந்த நீளமான பெஞ்சில் ஐந்து நாள் போய் உட்கார்ந்ததுதான் பெரிய வலி. கடைசியில் அந்தக் காகிதம் 'ஆம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. சந்தேகம் என்றது. சுரப்பியின் ஒரு பாதியை எடுத்து முழுசாகப் பரிசோதித்தால்தான் புற்றா இல்லையா என்று தெரியும்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். "இதுதான் சுரப்பி. இதுக்குப் பின்னால ஒட்டினாப்ல குரல் நரம்பு போகுது. நூல் கனம்தான். பத்திரமா விலக்கித்தான் எடுப்போம். ஆனா கட்டி அதுமேல சாஞ்சிருக்கு. அசைஞ்சாலே குரல் கம்மும். அடிபட்டா திரும்பாம போகவும் வாய்ப்பு இருக்கு. நீங்க பாடுவீங்களா?"

புற்று என்ற வார்த்தைக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இதற்குத்தான் பயந்தேன். வேலை போகும், பாட்டு போகும் என்பது அப்புறம். அந்த வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து அவரோடு எப்படிப் பேசுவேன்? "உமக்கு வேற கழுத்தே கிடைக்கலையா ஆண்டவரே?" என்று பஸ்ஸில் வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

யாருக்கும் சொல்லவில்லை. கோயிலில் சொல்லவில்லை. அன்பியத்தில் சொல்லவேயில்லை. அதற்கு ஒரு பழைய வீம்பு. வாராவாரம் ஜெபம் எந்த வீட்டில் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். பதினொரு வருடமாக அந்தப் பட்டியலில் என் வீடு வந்ததில்லை. முதல் வருடம் கேட்டேன். "தனியா கீற, உனக்கு ஏன்மா சிரமம்? குடும்பமா கீறவங்க வூட்ல வெச்சுக்கலாம்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருத்தி இருந்தால் அது வீடு இல்லையா? அன்றிலிருந்து மனசுக்குள் ஒரு கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு ஆண்டவர் போதும், மனுஷர் வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை விசுவாசம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அட்மிஷன் அன்று அந்த வீம்பு செல்லவில்லை. சிஸ்டர் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"கூட இருக்கறது யாரு?"

"இயேசு இருக்காரு சிஸ்டர்."

"நல்லது. அவரு கையெழுத்து போடுவாரா? ரத்தம் வாங்கினு வருவாரா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்ற கோமதி, "குடுங்க, நான் போட்றேன்" என்று பேனாவைப் பிடுங்கினாள். உறவுமுறை என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'யார்டு கேட்' என்று எழுதினாள். சிஸ்டர் அதை அடித்துவிட்டு 'தோழி' என்று எழுதிக்கொண்டார்.

இப்போது என் சாவுக்கு வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கோமதிக்கு மனசு கேட்கவில்லை. அவள் இந்து, அவள் வீட்டுச் சாமிப்படம் வேறு. ஆனாலும் ரோசுக்கு ரோசோட சாமியாண்ட சொன்னால்தான் வேலை நடக்கும் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் எங்கள் கோயில் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே பூசைக் கருத்து, அதாவது யாருக்காகப் பூசை என்று எழுதிக்கொள்ளும் நோட்டில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று நன்றிக்கும் உடல்நலத்துக்கும். மற்றது இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. மறுநாள் பூசையில் சாமியார் இரண்டு பட்டியலையும் சத்தமாக வாசிப்பார். கோமதிக்கு இந்த நோட்டு விவரமெல்லாம் தெரியாது. மேசைக்கு முன்னால் நின்று, "ரோஸ்லின், பாட்டு பாடுமே, அவங்களுக்கு ஒரு பூசை" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதிருக்கிறாள். எழுதிக்கொண்ட பெரியவர் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறார். காய்ச்சலுக்குப் பூசை கொடுக்க வருபவர்கள் அழுவதில்லை. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுகேள்வி கேட்காமல் என்னை இரண்டாவது பக்கத்தில் எழுதிவிட்டார்.

காலை முதல் பூசையில் என் பெயர் இறந்தவர்களோடு வாசிக்கப்பட்டது. இரண்டு வாரமாக நான் பாட்டுக்குப் போகவில்லை, வீடு பூட்டியிருக்கிறது, யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

குழுவில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று அவசரமாகத் தட்டினேன். அடுத்த நிமிடமே ஒரு பதில் வந்தது: 'அக்கா போனை வைத்து யாரோ விளையாடுகிறார்கள். ஒரு சாவில்கூடவா?' நான்கைந்து பேர் கோப முகம் போட்டார்கள். அந்தோணி அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் எங்கள் பாடகர் குழுத் தலைவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. ஒன்பது மணிக்குத்தான் எடுத்தார்.

"யாரு பேசறது? அந்தப் பொண்ணு போனு உங்களாண்ட எப்டி வந்துது?"

"அண்ணே, நான்தான் ரோஸ்லின்."

"யம்மா, நீ நர்சாம்மா? பாடி எந்த ஆஸ்பத்திரில கீது? எப்ப தருவீங்க? புள்ளைக்கு யாரும் இல்லனு நெனச்சிடாதீங்க. நாங்க கீறோம். நாங்க வந்து எடுத்துக்கறோம்."

அதற்குமேல் அவரைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரிப் பெயரையும் வார்டையும் மட்டும் சொன்னேன். பத்து மணிக்கு ஆட்டோ, பைக் எல்லாமாக இருபது பேர் வந்து இறங்கினார்கள். கீழே மார்ச்சுவரிக்குப் போய் விசாரித்திருக்கிறார்கள். அங்கே இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "அந்தப் பேர்ல யாரும் வரலயே, மேல வார்டுல பாருங்க" என்று அனுப்பியிருக்கிறார். படியேறி வந்த அந்தோணி அண்ணன் கையில் பெரிய மலர்வளையம். கதவருகே நின்றவர், ஆறிப்போன இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தார். வளையம் கைநழுவித் தரையில் விழுந்தது. அவருடைய மனைவி பிலோ அக்கா "மாதாவே!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து என் கன்னம், கை, காலெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"உயிரோடயா கீற? பாவி! எங்க எல்லாரையும் சாவடிச்சிட்டு நீ இட்லி துன்னுகினு கீறியா?"

சிஸ்டர் ஓடி வந்து, ஆண்களெல்லாம் வெளியே போங்கள், வார்டுக்குள் மலர்வளையமா, யார் விட்டது என்று சத்தம் போட்டார். பதினெட்டாம் கட்டில் அம்மா வயிற்றில் தையலைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்கம்மா, பிரிஞ்சிடும்" என்று கெஞ்சினார். அந்தோணி அண்ணன் மட்டும் வாசலிலிருந்து நகரவில்லை. அந்தக் கனத்த மனிதர் குழந்தை மாதிரி தேம்பிக்கொண்டிருந்தார். "பதினைஞ்சு வருஷமா உன்ன 'சுதி பார்த்துப் பாடு'னு திட்டினுதான் கீறேன். ஒருநாள்கூட நல்லா பாடினனு சொன்னதில்ல. பூசைல பேரு படிச்சதுல இருந்து அதையே நெனச்சுகினு இருந்தேன்" என்றார்.

பிலோ அக்கா கட்டிலில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சியபடி அடுத்ததைச் சொன்னார். பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்குப் போனார்களாம். பூட்டு தொங்கியது. திரும்பிப் போக யாருக்கும் மனசு வரவில்லை. மாடிப்படியிலும் சந்திலும் உட்கார்ந்து, பூட்டின கதவுக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, ஐம்பத்து மூன்று மணிகள் கோத்த ஜெபமாலையை உருட்டி முழுசும் சொல்லியிருக்கிறார்கள். நான் மூன்று முறை போன் அடித்தும் அந்தோணி அண்ணன் எடுக்காதது அதனால்தான்.

"எத்தினி பேரு?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான். நாப்பது வூடும்."

பதினொரு வருடம் கழித்து என் வீட்டில் அன்பிய ஜெபம் நடந்திருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் இட்லி தின்னும்போது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அன்று பகல் முழுக்க ஒரு தினுசான சந்தோஷம்.  இத்தனை வருடமும் நான் இரண்டு கணக்கு வைத்திருந்தேன். மனுஷர் தராததை ஆண்டவர் தருகிறார் என்று. அவர் அன்பு எனக்கு ஒரு ஆறுதல் பரிசு. மற்றவர்களுக்கெல்லாம் கிடைத்தது எனக்குக் கிடைக்காததால் கிடைத்தது. அவரோ அன்று மாடிப்படியில் நாற்பது வீட்டையும் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவைப் பூட்டியிருந்தது நான்.

சாயங்காலம் கோமதி வந்து, தான் செய்த வேலையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் நல்லதுக்குத்தான்பா போனேன். உங்க நோட்ல ரெண்டு பக்கம் கீதுன்னு எனக்கு எப்டி தெரியும்?" பிலோ அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, "இவ பேரு சரியான பக்கத்துல ஏறியிருந்தா, காய்ச்சல்னு நெனச்சுகினு நாங்க யாரும் வந்திருக்கவே மாட்டோம்" என்றார். மலர்வளையத்தை வீணாக்கக் கூடாது என்று கோயிலில் மாதா சொரூபம் வைத்த கெபியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆபரேஷன் மூன்று மணி நேரம். கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, அதிலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய். டாக்டரம்மா குனிந்து, "ஈ சொல்லுங்க" என்றார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். குரல் நாண்கள் இரட்டைக் கதவு மாதிரி. பேசும்போது இரண்டும் வந்து ஒட்ட வேண்டும். எனக்கு இடது கதவு பாதியில் நின்றுவிடுகிறது. நரம்பு அறுபடவில்லை, சோர்ந்திருக்கிறது, வந்தாலும் வரலாம், வாரங்களோ மாதங்களோ ஆகும் என்றார் டாக்டரம்மா. பத்தாம் நாள் இன்னொரு காகிதமும் வந்தது. புற்று இல்லை! கோமதி வராந்தாவிலேயே குதித்தாள். நானும் குதித்தேன், சத்தமில்லாமல்.

வீட்டுக்கு வந்தேன். பேசக் கூடாது. அன்பியத்தில் முறை வைத்துக்கொண்டு கஞ்சி, ரசம், வஞ்சிரக் குழம்பு என்று தினமும் ஒரு தூக்கு வந்தது. வந்தவர்கள் போன பிறகு, தட்டோடு உட்கார்ந்தால் வீடு அமைதியாக இருக்கும். முதல் வாரம் அந்த அமைதியில் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. உதட்டை அசைத்து அசைத்து அவரிடம் கெஞ்சினேன். இரண்டாம் வாரம் கோபத்தில் உதட்டையும் அசைக்கவில்லை. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ஒருநாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. கேட்கவும் ஒன்றும் இல்லை. ஆனால் கூட ஆள் இருந்தது. அதை இதற்குமேல் விளக்க எனக்குத் தெரியாது. சோறு ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாவது வாரம் குரல் வந்தது. வந்ததே தவிர, என்னுடையது வரவில்லை. கரகரவென்று, அடித்தொண்டையில், கனமாக ஒரு குரல். போகப் போக ஏறலாம், ஏறாமலும் போகலாம் என்றார்கள். கோமதி லீவில் ஊருக்குப் போயிருந்த வாரம் அது; யார்டில் முதல் நாள் மைக்கைப் பிடித்து ஒரு நம்பரைச் சொன்னேன். டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "புது ஆளா சார்?" என்றார். கப்பலிலிருந்து ரிச்சர்ட் கூப்பிட்டான். "அக்கா போன்ல யாருங்க பேசறது?" என்று அதட்டினான். அவனை நம்ப வைக்க அவனுடைய சின்ன வயது அசிங்கங்கள் இரண்டைச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பட்டியலில் என் வீடு. வந்தவர்கள் கூடத்தில் கொள்ளாமல் படியிலும் உட்கார்ந்தார்கள். அன்றுதான் ஊரிலிருந்து திரும்பிய கோமதி நேராகச் சமையலறையில் நுழைந்து சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர்தான் ஜெபத்தைத் தொடங்க வேண்டும், அதுதான் முறை. சிலுவை வரைந்து, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே" என்றேன். உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது.

"யார்ரா அது ரோசு வூட்ல ஆம்பள?"

பத்து நிமிடம் ஜெபம் தொடங்கவே முடியவில்லை. அந்தோணி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமையிலேர்ந்து நீ என் பக்கம் நில்லு, கீழ் சுரத்துக்கு ஆள் இல்ல" என்றார். என் மேல் சுரம் போய்விட்டது என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

எல்லாரும் போனபின் பாயைச் சுருட்டினேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் அவரிடம் இன்னும் வாய்விட்டுப் பேசியிருக்கவில்லை. எனக்கே அந்நியமான இந்தக் குரலை அவருக்குக் கேட்கக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. சுருட்டின பாயைக் கையில் பிடித்தபடி, தயங்கித் தயங்கி, "ஆண்டவரே" என்று கூப்பிட்டேன். கூடத்தில் அந்த முரட்டுக் குரல் எதிரொலித்தது. இது யார் குரல் என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், பத்தொன்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவள்கூட. அவர் மட்டும் யாரது என்று கேட்கவில்லை.